பழைய சுங்குடிக்கு வேலை இருக்கு!

கேள்வி: கிழிந்த சுங்குடிச் சேலைகள் பீரோவில் குவிந்து கிடக்கின்றன, தூக்கிப்போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: ஏன் போடணும்? கிழிவது பெரும்பாலும் கால் தட்டும் கரைப்பக்கம்தான், முந்தி புதுசு மாதிரியே இருக்கும். அதை இரண்டாக மடித்து இரு ஓரமும் தைத்து, கிழியாத கரைத்துணியையே நாலு மடிப்பாக்கிக் கைப்பிடி வைத்தால் பை தயார், நாலு கிலோ வெங்காயம் தாங்கும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஆனாலும் காய்கறிக் கடையில் நீட்டத்தான் செய்கிறார்கள். மீதித் துணியை நனைத்துப் பிழிந்து மல்லிகைச் சரத்தைச் சுற்றி வையுங்கள், சீக்கிரம் வாடாது. அப்புறம், இட்லித் தட்டில் மட்டும் விரிக்காதீர்கள். எத்தனையோ தடவை துவைத்ததுதானே என்று விரித்து, வீட்டில் எல்லோரும் ஊதா இட்லி தின்றோம். அதற்குப் பழைய வெள்ளை வேட்டிதான் சரி.