பூனைக்கு மஞ்சள் காமாலை: ஹோமியோ உருண்டை போதுமா?

கேள்வி: எங்கள் பூனைக்கு 5 வயது, நல்ல பருமன். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. காது மடலின் உள்பக்கமும் ஈறும் மஞ்சளாகிவிட்டன. ஹோமியோபதியில் செலிடோனியம் கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், அம்மா. பூனையின் காமாலையை அது குணப்படுத்தும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. தாய்த் திரவமாக (நீர்த்துப்போகச் செய்யாத மூலிகைச் சாறு) இருந்தால் அதில் ஆல்கஹாலும் உண்டு. பாதிக்கப்பட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை.

குண்டுப் பூனை பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியும். உங்கள் பூனைக்கும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு முதல் மருந்தே உணவுதான். மூக்கு அல்லது கழுத்து வழியாகக் குழாய் பொருத்தி ஊட்டுவார்கள். 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். ஆனால் முதல் நாளே முழு அளவு கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கிச் சில நாட்களில் கூட்ட வேண்டும். வீட்டில் வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம்.

பித்தக்குழாய் அழற்சி, சிவப்பணுக்களை அழிக்கும் ஹீமோபிளாஸ்மா கிருமி ஆகியவையும் காரணமாகலாம். ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் நிறமி), ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. (கல்லீரல் நொதிகள்) அளவுகள், ரத்தப் பூச்சு (ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது), ஸ்கேன் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். கிருமிக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை தந்தால், உடனே 5 மி.லி. தண்ணீரும் கொடுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

பாராசிட்டமால் துளிகூடக் கூடாது. இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.