மங்கா வரைவோர் கேட்ட கேள்விகள்

சொந்தமாக மங்கா என்னும் ஜப்பானிய பாணிச் சித்திரக்கதை உருவாக்க முனையும் ஓவிய மாணவர்களிடமிருந்தும் அவர்களின் ஆசிரியர்களிடமிருந்தும் வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் சொந்தக் கதையில் 32 பக்க மங்கா ஒன்றை வரைகிறேன். கதாநாயகி ஒரு நெசவாளரின் மகள். முக்கியப் பாத்திரங்கள் நால்வரையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என எல்லாக் கோணங்களிலும் வரைந்து வண்ணமும் தீட்டிவிட்டேன். ஆனால் முதல் பக்கத்தை வரைய உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நீங்கள் செய்தவற்றில் வீணானது அதிகம் இல்லை, வரிசை மட்டும் மாறிப்போயிருக்கிறது. ஜப்பானிய மங்கா ஓவியர்கள் கதைச் சுருக்கத்தை எழுதி முடித்ததும் 'நேமு' என்ற படிநிலைக்குப் போகிறார்கள். சாதாரணத் தாளில் கட்டங்களைக் கோடிட்டு, எந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார், என்ன பேசுகிறார், வசன பலூன் எங்கே விழுகிறது என்பதைக் குச்சி உருவங்களை வைத்தே குறித்துக்கொள்ளும் முன்வரைவு அது. பென்சில் வரைவு, மை இடுதல், கருப்பு நிரப்புதல், டோன் (சாம்பலாகத் தெரியும் புள்ளி நிழல்) இடுதல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பதிப்பகத்தின் ஆசிரியர் படித்துத் திருத்தச் சொல்வதும், ஒரு தொடரைத் தொடங்கலாமா என்று ஆசிரியர் குழு கூடி முடிவெடுப்பதும் பெரும்பாலும் இந்த நேமுவை வைத்துத்தான். வார இதழில் ஓர் அத்தியாயம் ஏறத்தாழ 19 பக்கம் வருகிறது. மை இட்ட பிறகு ஒரு காட்சியை மாற்றி வரைய யாருக்கும் அங்கே நேரம் இல்லை. நேமுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டால் போவது கால்மணி நேர உழைப்பு மட்டுமே.

முதலில் எட்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 32 பக்கமும் கைக்கு வந்துவிடும். தனித்தனித் தாள்களில் திட்டமிட்டால் தெரியாத ஒன்று இந்தச் சிறு புத்தகத்தில் தெரியும்: எந்த இரண்டு பக்கங்கள் எதிரெதிரே திறந்திருக்கும், எந்த இடத்தில் வாசகர் தாளைப் புரட்டுவார் என்பது. தமிழ்ப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் அமையும். அதன் கடைசிக் கட்டத்தைப் படித்துவிட்டுத்தான் வாசகர் புரட்டுகிறார். ஆகவே கதவு தட்டப்படும் ஓசை ஐந்தாம் பக்கத்தின் அடியில் வரட்டும். வாசலில் நிற்பவரின் முகம் ஆறாம் பக்கத்தின் தலையில் வரட்டும். அதே காட்சி நான்காம், ஐந்தாம் பக்கங்களில் எதிரெதிரே அமைந்துவிட்டால், ஓசையைப் படிக்கும் முன்பே வாசகரின் ஓரக்கண் ஆளைப் பார்த்துவிடும். இரு பக்கங்களையும் இணைத்து விரியும் பெரிய காட்சியும் இரட்டைப்படைப் பக்கத்தில்தான் தொடங்க முடியும் என்பதால், அது எங்கே வர வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

பக்கத்திற்கு ஐந்து அல்லது ஆறு கட்டங்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஆனால் எல்லாக் கட்டங்களிலும் கதை நகர வேண்டும் என்ற கட்டாயம் மங்காவில் இல்லை. நின்றுபோன தறி, கூரை இடுக்கு வழியே இறங்கும் வெயில், பாவின் நடுவே கிடக்கும் நாடா, பிறகு அந்தப் பெண்ணின் கை என்று வசனமே இல்லாமல் நான்கு கட்டங்கள் போகலாம். அந்த நான்கிலும் கடந்த நேரம் சில நொடிகள்தான், ஆனால் அவள் மனநிலை வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. பக்கம் போதவில்லை என்றால் மாணவர்கள் முதலில் வெட்டுவது இத்தகைய கட்டங்களைத்தான். நான் சொல்வது, துணைக்கதையை வெட்டுங்கள், இவற்றை விட்டுவையுங்கள்.

நேமு முடிந்த பிறகு அந்தப் பாத்திர வரைவுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். நீங்கள் தீட்டிய வண்ணம் அச்சில் இருக்கப்போவதில்லை. ஒரே கட்டத்தில் நிற்கும் மூவரைப் பிரித்துக் காட்ட, ஒருவரின் முடியை முழுக் கருப்பாகவும், இன்னொருவருடையதை வெறும் வெள்ளையாகவும், மூன்றாமவருடையதைச் சாம்பல் டோனாகவும் அமைப்பது மங்காவில் நெடுநாள் வழக்கம். கும்பகோணத்து நெசவாளர் குடும்பத்தில் நால்வருக்கும் கருமுடி என்றால் இந்த வசதி உங்களுக்கு இல்லை. எனவே வேறுபாடு முடியின் நிறத்தில் இல்லாமல் வடிவில் வர வேண்டும்: இரட்டைச் சடை, தளர்ந்த கொண்டை, முன்வழுக்கை, தலையில் கட்டிய துண்டு. நான்கு உருவங்களையும் முழுக் கருப்பு நிழலாக நிரப்பிப் பாருங்கள். யார் யார் என்று தோழி ஒருவர் சொல்லிவிட்டால் வடிவமைப்பு தேறிவிட்டது. தோலுக்கு டோன் இடுவதா, தாளின் வெண்மையையே விடுவதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். எல்லோருக்கும் டோன் என்றால் பின்னணியைப் பெரும்பாலும் வெளுப்பாக வைக்க வேண்டியிருக்கும். கதாநாயகியின் கட்டம் போட்ட சேலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் 32 பக்கத்தில் ஏறத்தாழ 160 கட்டங்கள் வருகின்றன. அவற்றில் பாதியில் அவள் வந்தாலும் 80 முறை மடிப்புக்கு மடிப்பு சேலையின் கட்டங்களை வளைத்து வரைய வேண்டும். கரையை மட்டும் தனித்தன்மையோடு அமைத்து உடலை வெறுமையாக விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: படம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் வசனம் எழுதியதும் பக்கம் நெரிசலாகிவிடுகிறது. ஜப்பானியப் பக்கங்களில் இந்தச் சிக்கல் தெரிவதில்லையே?
– மாணவர், சேலம்

பதில்: ஜப்பானிய வசனம் மேலிருந்து கீழாக எழுதப்படுகிறது, அதனால் பலூன்கள் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்து கட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்கின்றன. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லாததால் வரியை எங்கே வேண்டுமானாலும் முறிக்க முடிகிறது. தமிழில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அந்த ஒடுக்கமான பலூனை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் தமிழைத் திணித்தால் எழுத்து சிறுத்துப்போகும் அல்லது சொல் நடுவில் உடையும். உங்கள் பலூன் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். கட்டத்தின் மேல்பகுதியில் அதற்கு முன்கூட்டியே இடம் விடுங்கள். வசனத்தை இறுதியில் எழுதாமல் நேமுவிலேயே, அச்சில் வரப்போகும் அளவிலேயே எழுதிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒரு பலூனில் மூன்று வரிக்கு மேல் போனால் அதை இரண்டாகப் பிரியுங்கள் அல்லது சுருக்குங்கள். பாத்திரங்களைப் பேச்சுத் தமிழில் பேசவிட்டால் சொற்கள் தாமாகவே குறுகிவிடும் என்பது கூடுதல் ஆதாயம்.

ஓசைகளைப் பலூனுக்கு வெளியே படத்தின் பகுதியாகவே வரைவது மங்காவின் இயல்பு. ஆங்கிலச் சித்திரக்கதைகளிலிருந்து கடன் வாங்கிய 'கிராஷ்' போன்றவற்றைத் தாண்டி நம்மிடம் சலசல, கடகட, மளமள என்று இரட்டைக்கிளவிகள் ஏராளமாக இருக்கின்றன. அவை வரைவதற்கும் நல்ல வடிவுடையவை.

கேள்வி: மங்கா என்றால் வலமிருந்து இடமாகத்தான் வரைய வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தமிழில் எழுதுவதாக இருந்தால் வேண்டாம். ஜப்பானிய வரிகள் வலமிருந்து இடமாக அடுக்கப்படுவதால் கட்டங்களும் அதே திசையில் போகின்றன. தமிழ் வரி ஒரு திசையிலும் கட்டம் எதிர்த்திசையிலும் போனால் வாசகரின் கண் ஒவ்வொரு பலூனிலும் திரும்பித் திரும்பி ஓட வேண்டும். மொழிபெயர்ப்புகளின் கதை வேறு. முன்பு ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கையால் வாள் பிடித்தவர்கள் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். இடப்புறத்தை மேலாக மடித்து அணியும் கிமோனோ, இறந்தவர்களுக்கு உடுத்தும் முறையில் வலப்புறம் மேலாக மாறிப்போனது. 2000-களின் தொடக்கத்திலிருந்து மூலத் திசையிலேயே வெளியிடுவது பரவலானது. புதிதாக வரையும் உங்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. ஜப்பானியப் பக்கத்தை மாதிரியாக வைத்துப் பயில்வதானால் அதைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், திசை சரியாகிவிடும். அப்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அருகருகே உள்ள கட்டங்களுக்கு இடையிலான வெளி குறுகலாகவும், மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையிலான வெளி அகலமாகவும் இருக்கும். ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும் என்று கண்ணுக்கு வழிகாட்டுவது அந்த வெளிதான்.

கேள்வி: என்ன தாள், என்ன பேனா வாங்குவது?
– மாணவி, மதுரை

பதில்: பதிப்பகங்களுக்கான மங்கா தாள் பி4 அளவு, அதாவது 257 × 364 மில்லிமீட்டர். அதில் முக்கியப் படங்களும் வசனங்களும் அடங்க வேண்டிய உட்சட்டம் 180 × 270 மில்லிமீட்டர். வெட்டியபின் நிற்கும் அளவு 220 × 310 மில்லிமீட்டர். இது சுருக்கப்பட்டு 182 × 257 மில்லிமீட்டர் உள்ள பி5 இதழாக அச்சாகிறது. சட்டங்கள் வெளிர்நீலத்தில் இருப்பதால் அச்சில் விழுவதில்லை. இங்கே ஏ4 தாளில் வரைந்து ஏ5 புத்தகமாக அச்சிடுவது எளிது; அளவு ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சுருங்கும், 0.3 மில்லிமீட்டர் கோடு 0.2 ஆகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஜப்பானியத் தாள் உறைகளில் 110 கிலோ, 135 கிலோ என்று போட்டிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். குறிப்பிட்ட அளவுள்ள ஆயிரம் தாள்களின் எடை அது. 135 கிலோ என்பது நம் கடைக்கணக்கில் ஏறத்தாழ 157 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 157 கிராம்.

நிப்புகளில் ஜி-பேனா அழுத்தத்திற்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் ஓடும். உருவக் கோடுகளுக்கு அதுதான் முதன்மை. மெல்லிய முடிக்கும் பின்னணிக்கும் மரு-பேனா, ஒரே தடிமனாக ஓடும் கோட்டுக்குக் கபுரா-பேனா. புதிய நிப்பின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைத்துவிட்டுத்தான் மையில் தோய்க்க வேண்டும். ஜி-பேனா பழகச் சில வாரங்கள் ஆகும். கெடு நெருங்கியிருந்தால் பழகிய பேனாவிலேயே வரைந்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: கணினியில் டோன் இட்ட பக்கங்களை அச்சிட்டபோது சாம்பல் பகுதிகளில் அலை அலையாகக் கோலம் விழுகிறது. ஏன்?
– மாணவர், திருச்சி

பதில்: டோன் என்பது சீரான புள்ளிகளின் வரிசை. புள்ளிகள் இட்ட பிறகு படத்தின் அளவை மாற்றினாலோ, அச்சு இயந்திரம் தன் புள்ளிகளை அதன்மேல் மறுபடி இட்டாலோ இரண்டு வரிசைகளும் மோதி அந்தக் கோலம் உண்டாகிறது. அச்சாகும் அளவிலேயே கோப்பை அமைத்து, 600 டிபிஐ (அங்குலத்திற்கு 600 புள்ளி) தெளிவில், சாம்பல் கலக்காத தூய கருப்பு வெள்ளையாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கிளிப் ஸ்டுடியோ பெயிண்டில் டோன் தனி அடுக்காக இருப்பதால் இது சுலபம். கிரிட்டா என்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம்.

கேள்வி: என் மாணவர்கள் வரைவதெல்லாம் ஒரே மாதிரிப் பெரிய கண்களும் கூர்மையான தாடையுமாக இருக்கின்றன. இதைச் சொந்தப் படைப்பு என்று எப்படி ஏற்பது?
– ஓவிய ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் தடை போடுவதால் பயனில்லை. அந்தப் பெரிய கண்களுக்கே ஒரு வம்சாவளி இருக்கிறது. மங்காவின் முன்னோடி ஓவியர் ஒசாமு தெசுகா சிறுவயதில் ஊன்றிப் பார்த்த அமெரிக்க அசைவூட்டப் படங்களிலிருந்தும், அவர் வளர்ந்த தகரசூகா நகரின் பெண்கள் நாடகக் குழுவின் மேடை ஒப்பனையிலிருந்தும் பலவற்றை எடுத்துக்கொண்டார். அதற்கு மாறாக, யோஷிஹிரோ தட்சுமி முதலானோர் 1950-களின் பிற்பகுதியில் 'கெகிகா' என்று பெயரிட்டு, பெரியவர்களுக்கான இறுக்கமான யதார்த்தக் கதைகளை வரைந்தார்கள். ஜப்பானிய மங்காவிலேயே இத்தனை முகங்கள் உண்டு என்பதை மாணவர்களுக்குக் காட்டினால் ஒரே அச்சில் வார்க்கும் பழக்கம் தானே தளரும். பயிற்சிக்குப் பிறர் பக்கங்களைப் பார்த்து வரையட்டும். படைப்பில் அவற்றைப் படியெடுத்துச் சேர்க்கக் கூடாது. 2005-இல் ஜப்பானில் அப்படிச் செய்தது வெளிப்பட்டு, ஒரு தொடரின் நூல்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பின்னணிக்கு வேண்டிய தெருவையும் வீட்டையும் அவர்களே போய்ப் பார்த்து வரைந்து வரட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். முகங்கள் ஒரே மாதிரி இருந்தாலும் நல்லூர்ப் பக்கத்து வீதி ஒன்றின் வேலியும் படலையும் எந்த ஜப்பானியப் பக்கத்திலும் கிடைக்காது.

கேள்வி: முடித்த படைப்பை யாரிடம் காட்டுவது? ஜப்பானில் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு உண்டா?
– மாணவி, சென்னை

பதில்: படிக்கப் போவதானால் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் இருக்கிறது, மங்காவுக்கென்று தனிப் புலத்தை 2006-இல் தொடங்கியது. அதே ஆண்டு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் திறக்கப்பட்ட கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகத்தை அந்நகராட்சியோடு சேர்ந்து அமைத்ததும் இந்தப் பல்கலைக்கழகம்தான். ஜப்பானில் இளம் ஓவியர்கள் கையெழுத்துப் பிரதியோடு பதிப்பகத்திற்கே நேரில் போய் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுவது இயல்பான நடைமுறை. 1984 முதல் டோக்கியோவில் நடக்கும் கொமிட்டியா சந்தை சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமானது. அங்கேயும் பதிப்பகங்கள் மேசை போட்டு, வருகிறவர்களின் பக்கங்களைப் படித்துக் கருத்துச் சொல்கின்றன. சென்னையிலிருந்தபடியே முயல, ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் 2007-இல் ஏற்படுத்திய சர்வதேச மங்கா விருது இருக்கிறது. ஜப்பானுக்கு வெளியே உருவான படைப்புகளுக்கானது அது. பக்க அளவு, படைக்கப்பட்ட காலம் முதலிய நிபந்தனைகள் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்போடு வெளியாகும். நேமுவைத் தொடங்கும் முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள். இரண்டு மூன்று பக்கம் குறைந்ததற்காகக் கதையின் முடிவில் ஒட்டுப்போடும் நிலை வராமல் இருக்கும்.