வீட்டில் தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமா?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் எச்-1பி விசாவில் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. "இரண்டு மொழிக் குழப்பம், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், மூன்று வயது வரை பார்ப்போம்" என்கிறார் டாக்டர். அரசு உதவி கேட்டால் கிரீன் கார்டு பாதிக்குமா?

பதில்: மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. பேருக்குத் திரும்பாததற்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்லை. ஆடியாலஜிஸ்டிடம் செவித்திறனைப் பாருங்கள். 30 மாதம் வரை பொருந்தும் எம்-சாட் என்ற ஆட்டிசம் முதல்கட்டக் கேள்வித்தாளையும் டாக்டரிடம் கேட்டு நிரப்புங்கள்.

வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு உதவும் மையம் உங்கள் பகுதிக்கு ரீஜனல் சென்டர் ஆஃப் தி ஈஸ்ட் பே. அங்கே மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான 'எர்லி ஸ்டார்ட்' சேவைக்குப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம், டாக்டர் கடிதம் தேவையில்லை. போனில் சொன்னாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடும் சேவைத் திட்டக் கூட்டமும் முடிய வேண்டும். விசா நிலை தகுதிக்கு நிபந்தனை அல்ல. அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று கிரீன் கார்டுக்குப் பார்க்கும் 'பப்ளிக் சார்ஜ்' கணக்கிலும் இந்தச் சேவை சேர்ந்ததில்லை. எஸ்எஸ்ஐ (மாத உதவித்தொகை) போன்ற ரொக்க உதவி வேறு விஷயம். அதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பல குடும்பங்கள் கோட்டை விடுவது மதிப்பீட்டு நாளில்தான். இலவசத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பே எழுதிக் கேளுங்கள்; நீங்களோ வீட்டில் வேறு யாருமோ அந்த வேலையைச் செய்யக் கூடாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அவன் சொல்லும் சொற்களை எழுதிக்கொண்டு போங்கள், இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் விளையாடும் வீடியோவும் உதவும். ஆங்கிலக் குழந்தைகளை அளந்து செய்த சோதனையை அங்கேயே தமிழாக்கிக் கேட்டால், வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. அதை அறிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை விட்டு, நிபுணர் கருத்தை மட்டுமே வைத்துத் தகுதி தர சட்டம் இடம் கொடுக்கிறது.

கேள்வி: மூன்று வயதானபின்?

பதில்: பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்குப் போகும். பிறந்தநாளுக்கு 90 நாள் முன்பாவது, பள்ளிக்கு மாறுவதைத் திட்டமிடும் கூட்டம் நடக்க வேண்டும். அழைப்பு வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். பள்ளி அவனுக்கென எழுதும் ஐஇபி என்ற தனிக்கல்வித் திட்டத்தில் கூட்டத்திலேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து படித்து, ஒத்துக்கொள்ளும் பகுதிக்கு மட்டும் சம்மதம் தரலாம். அந்தச் சேவை உடனே தொடங்கும்.