காலி நாற்காலிக்கு ஆள் வருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கோவையில் கோ-வொர்க்கிங் அலுவலகம் (பலரும் இருக்கைக்குக் கட்டணம் கட்டி, பகிர்ந்து வேலை பார்க்கும் இடம்) நடத்திவரும் தொழில்முனைவோர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

திருச்சி தில்லைநகரில் 36 இருக்கைகளுடன் கோ-வொர்க்கிங் அலுவலகம் நடத்துகிறேன். பாதிகூட நிரம்பவில்லை. இரண்டு கல்லூரிகளோடும் ஒரு வணிகர் அமைப்போடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, படமெடுத்துச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஒருவர்கூட வரவில்லை. மாதக் கட்டணத்தைக் குறைத்துவிடலாமா மேடம்?
– வாசகர், திருச்சி

குறைக்காதீர்கள். கட்டட வாடகையும் இணையக் கட்டணமும் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலும் உங்களுக்காகக் குறையப்போவதில்லை. ஐந்நூறு ரூபாய் குறைகிறதே என்று வருகிறவர், அடுத்த தெருவில் அறுநூறு குறைத்தால் அங்கே போய்விடுவார்.

அந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘இரு தரப்பும் ஒத்துழைக்கும்’ என்றுதான் இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் வருவார்கள், சாவி யாரிடம் என்று ஒரு வரியும் இருக்காது. உங்களுக்கு உறுப்பினர்கள் வேண்டும்; அது தெரிகிறது. அவர்களுக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போட்ட கையெழுத்து யாரையும் படியேற்றிக் கொண்டுவராது.

உங்களிடம் சும்மா கிடப்பது எது என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை, ஞாயிறு முழுவதும் கூடம் காலி. புரொஜெக்டர், ஒயிட் போர்டு, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் இருந்தும் ஆள் இல்லை. ஏற்கெனவே கூடிப் பேசிக்கொண்டிருக்கிற, ஆனால் உட்கார நல்ல இடமில்லாத குழு ஒன்று திருச்சியில் நிச்சயம் இருக்கும். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

கோவையில் நாலு பேர் சந்திப்பதென்றால் பேக்கரிதான். இயந்திர பாகங்களுக்குக் கணினியில் வரைபடம் போட்டுத் தரும் இளைஞர்கள் சிலர் அப்படித்தான் கணபதி பக்கம் ஒரு பேக்கரி வாசலில் மாதாமாதம் கூடிக்கொண்டிருந்தார்கள். லேத் பட்டறைகளிலிருந்து வரும் வேலைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். யார் பணம் இழுத்தடிக்கிறார், எந்த மென்பொருளுக்கு உரிமம் வாங்கலாம் என்றெல்லாம் பேசுவார்கள். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எங்கள் கூடத்தை வாடகையில்லாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். எங்கள் பேனர் கிடையாது. எங்களைப் பற்றி ஐந்து நிமிட உரையும் கிடையாது. கூட்டத்தை நடத்துவது அவர்களே. எங்கள் செலவு மின்சாரமும், கீழே டீக்கடையில் சொல்லிவைத்த டீயும் மட்டும்.

முதலில் வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிப் போனார்கள். பிறகு ஒருவர், வீட்டில் கைக்குழந்தை அழுகிறது, நாளை ஒரு நாள் மட்டும் இங்கே உட்காரலாமா என்று கேட்டார். பெரிய மானிட்டரை ஸ்கூட்டரின் முன்பக்கம் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். மாலையில் அதைத் திரும்பத் தூக்கப்போனபோது, பூட்டுப் போட்ட அலமாரி ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தேன். அவர் மாத உறுப்பினரானது அந்த அலமாரிக்காகத்தான். அவரைத் தேடி வந்த பட்டறை முதலாளி இங்கிருந்த கணக்காளரைத் தன் வேலைக்கு அமர்த்தினார். கணக்காளர் தன் தோழியை அழைத்து வந்தார். இதையெல்லாம் எந்த விளம்பரத்தாலும் செய்ய முடியாது.

கூடும் நாளை மட்டும் மாற்றாதீர்கள். சென்னையில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவோரின் சென்னைபை குழு மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடுகிறது. அந்தக் கிழமை மனதில் பதிந்துவிட்டவருக்கு அழைப்பிதழ் தேவையில்லை. ‘இந்த மாதம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கூடம் வேண்டும், நீங்கள் அடுத்த வாரம் வாருங்கள்’ என்று நீங்கள் ஒருமுறை சொன்னால், அவர்கள் மறுபடி பேக்கரிக்கே போய்விடுவார்கள். பணம் தரும் வாடிக்கையாளரே கேட்டாலும் அந்த மாலை அவர்களுடையது.

மனம் தளர வேண்டாம். பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் நிரலாளர் 2005-ல் சான்பிரான்சிஸ்கோவில் வாரத்துக்கு இரண்டு நாள் மேசை போட்டு இந்த முறையைத் தொடங்கியபோது, முதல் மாதம் அவரிடம் ஒருவரும் வரவில்லை. பிலடெல்பியாவில் இண்டி ஹால் என்ற கோ-வொர்க்கிங் இடத்தைத் தொடங்கியவர்கள் வேறு வழியில் போனார்கள்: காபிக் கடைகளில் கூடிக்கூடி முதலில் ஆட்களைச் சேர்த்தார்கள், பிறகுதான் இடம் பிடித்தார்கள். 2010-ல் நியூயார்க்கில் பிறந்த கோ-வொர்க்கிங் நிறுவனமான வீவொர்க், நீண்ட காலக் குத்தகைகளை ஊரூராக எடுத்து இடத்தைப் பெருக்கிக்கொண்டே போய், 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. உங்களிடம் இடம் இருக்கிறது. இனி ஆட்களைச் சேர்க்கும் வேலையைப் பாருங்கள்.

பெண்கள் அதிகம் வர என்ன செய்யலாம்? வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

முதலில் படிக்கட்டில் விளக்கு போடுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பிறகு கூட்டாளியைத் தேடலாம்.

அந்தக் கூட்டாளி பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியாக இருக்கட்டும். பிள்ளையை ஒன்பதரைக்கு விட்டு இரண்டரைக்கு அழைத்துப் போகிற அம்மாவுக்கு முழுநாள் கட்டணம் பொருந்தாது. பள்ளி நேரத்துக்கேற்ப ஐந்து மணி நேரச் சீட்டு போடுங்கள். பள்ளிக்கும் இதில் லாபம் உண்டு. அம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்லியே அவர்கள் சேர்க்கை நடத்தலாம்.

இன்னொரு வழி, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளின் பட்டியல் முன்கூட்டியே செய்தித்தாளில் வருகிறது. பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு நின்றால் மதியமோ மாலையோதான் திரும்ப வரும். அந்தப் பகுதிச் சங்கச் செயலாளரிடம் முந்தைய நாளே, ‘நாளை உங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்களுக்கு இங்கே பாதிக் கட்டணம்’ என்று சொல்லிவிடுங்கள். செயலாளர் அதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் மகிழ்ச்சியோடு போடுவார்; தன் மக்களுக்கு அவர் செய்கிற உதவி அல்லவா அது! உங்கள் பகுதியிலும் அதே நாளில் மின்தடை இருந்தால் ஜெனரேட்டரை முந்தின இரவே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஓர் ஆடிட்டர் எங்களுக்கு வாடிக்கையாளர்களை அனுப்புகிறார். ஆனால் எல்லோரும் ஜிஎஸ்டி பதிவுக்கு முகவரி மட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

ஆடிட்டர் நல்ல கூட்டாளி. புதுத் தொழில் தொடங்குகிறவர் முதலில் போய் நிற்பது அவரிடம்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். உங்கள் குத்தகைப் பத்திரம் உள்வாடகைக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் தேவைப்படும். அதிகாரி நேரில் சரிபார்க்க வரலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர் என்றால் வெளியே பெயர்ப் பலகை வைத்தாக வேண்டும். வரும் கடிதங்களை வாங்கிக்கொள்ள ஆளும் வேண்டும். ஆளை நேரில் பார்க்காமல் யாருக்கும் முகவரி தருவதில்லை என்பது எங்கள் விதி. அதோடு, முகவரி வாங்கும் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் சில நாள் இருக்கையும் சேர்த்தே தருகிறோம். வந்து உட்கார்ந்து பழகியவர்தான் நிலைக்கிறார்.

சென்னை கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற அரசு கோ-வொர்க்கிங் மற்றும் படிப்பு மையம் 2024 நவம்பரில் திறந்தது. அரை நாளுக்கு 50 ரூபாய்தான். அரசே இப்படிக் கொடுத்தால் எங்களைப் போன்ற சிறியவர்கள் என்ன செய்வது?
– வாசகர், சென்னை

எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கவும், கையில் காசில்லாதவர் ஒரு லேப்டாப்போடு வந்து தொழில் தொடங்கவும் ஊரில் இடம் வேண்டும். அதைத் தனியாரால் 50 ரூபாய்க்குத் தர முடியாது.

அங்கே உட்காருகிறவர் ஒருநாள் இரண்டு பேரை வேலைக்கு வைப்பார். நாள் முழுக்க வாடிக்கையாளரோடு சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். பூட்டும் அறை, முகவரி, பெயர்ப் பலகை எல்லாம் கேட்பார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த முகம் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆகவே இப்போதே போய்ப் பேசுங்கள். உங்கள் உறுப்பினர்களில் ஜிஎஸ்டி தெரிந்தவர், இணையதளம் வடிவமைப்பவர் இருந்தால், அங்கு வருபவர்களுக்கு மாதம் ஒரு மாலை இலவசமாக ஆலோசனை சொல்ல அனுமதி கேளுங்கள்.

பக்கத்துப் பேட்டை கோ-வொர்க்கிங் உரிமையாளரையும் போட்டியாளராகவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாங்கள் மதுரையிலும் சென்னையிலும் உள்ள சிறிய இடங்களோடு இருக்கை மாற்றிக்கொள்கிறோம். எங்கள் உறுப்பினர் சென்னை போனால் அங்கே இரண்டு நாள் கட்டணமில்லை. அவர்கள் ஆள் கோவை வந்தால் இங்கேயும் அப்படியே. இதில் பணம் கைமாறுவதில்லை.

இந்தக் கூட்டணிகளால் பலன் உண்டா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?
– வாசகி, ஈரோடு

வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவேட்டில், ‘யார் சொல்லி வந்தீர்கள்?’ என்று ஒரு கட்டம் போடுங்கள். மாதக் கடைசியில் எண்ணினால் தெரிந்துவிடும். ஆறு மாதமாக ஒரு பெயர்கூட வராத கூட்டணி என்றால், நிறுத்துவதற்கு முன் அவர்களிடம் போய், எங்களால் உங்களுக்கு ஏதாவது பயன் இருந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களும் உங்களிடம் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்திருப்பார்கள்.