கொக்குத்தொடுவாயை எழுத நான்கு வழிகள்

அன்பின் ஐயாவுக்கு,

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காகக் காணி அனுமதிப்பத்திரங்களையும் பழைய கடிதங்களையும் ஸ்கேன் செய்து, லினக்ஸ் நிறுவிய ஒரு கணினியில் சேர்த்து வருகிறேன். கோப்புகளுக்கு ஊர்ப்பெயர்களையே வைக்கிறோம். ‘கொக்குத்தொடுவாய்’ என்று தேடினால், கண்முன்னே இருக்கும் கோப்புகளிற் சில அகப்படுவதில்லை. ஒரே கோப்புறையில் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் இருப்பதையும் கண்டேன். இது லினக்ஸின் உட்கருவான கேர்னலின் வழு (பிழை) என்று எண்ணி, அவ்வாறான இரு பெயர்களையும் ஒன்றாகக் கொள்ளும்படி, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை ஒரு பேட்ச்சாக அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினேன். ஏற்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தமிழில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்றே நினைக்கிறேன். இனி வழு திருத்துவதை விட்டுவிட்டு, தமிழுக்கென ஒரு புதிய வசதியை எழுதிச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பிக்கு,

நீங்கள் கண்டது உண்மையான குறைபாடு. ஆனால் அது கேர்னலுக்குள் இருப்பதாக நான் கருதவில்லை. உங்களுக்கு வந்த இரண்டு வரிப் பதில் சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எழுத்துகளுக்குக் கணினியில் எண் குறியீடு தரும் பொது நியமமான யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு முறை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றது. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. யூனிகோட் நியமமும் அவை சமம் என்றே கூறுகிறது. ‘கொக்குத்தொடுவாய்’ என்ற பெயரில் ஒகரம் இரண்டு இடங்களில் வருவதால், அந்த ஓர் ஊரின் பெயரை நான்கு விதமாக எழுதிவிடலாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், அவற்றைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் என்பதால், ஒகரங்கள் சேர்ந்திருந்தால் 16 குறியீடுகளும் 48 பைட்டுகளும், இரண்டும் பிரிந்திருந்தால் 18 குறியீடுகளும் 54 பைட்டுகளும் வரும். ஈஎக்ஸ்டி4 முறைமைக்கோ கோப்பின் பெயர் வெறும் பைட்டு வரிசை மட்டுமே. அதற்கு இவை வெவ்வேறு பெயர்கள். (நீளமான தமிழ்ப் பெயர்களை அது மறுப்பதும் இதனாற்றான்: பெயரின் உச்ச நீளம் 255 பைட்டுகள், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள்.)

இனி, உங்கள் பேட்ச் ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கோப்புறையில் ஒரே பெயருடன் இருக்கும் அந்த இரண்டு கோப்புகளில் எது திறக்கும்? ஒன்று திறக்கும், மற்றது வட்டில் இருந்தும் யாராலும் எட்ட முடியாததாகிவிடும். இது கற்பனை அச்சம் அன்று. 2024 இறுதியில், யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத சில குறியீடுகளைக் கேர்னல் தவறாகக் கையாள்கிறது என்று ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. திருத்தியவரின் வாதம் சரியானதே. ஆயினும், எழுத்தின் பெரிது சிறிது (A, a) பாராமல் பெயரை ஒப்பிடும் கோப்புறைகளில், கோப்பைத் தேடிப் பிடிப்பதற்காகப் பழைய கணக்கின்படி பெயர்களிலிருந்து பெறப்பட்ட எண்கள் ஏற்கெனவே வட்டுகளில் பதிந்திருந்தன. கணக்கு மாறியதும், அவ்வாறான பெயருள்ள பழைய கோப்புகள் தேடலுக்கு அகப்படாமற் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தை மீளப் பெற்றார். பழைய முறை பிழையானது என்று ஒப்புக்கொண்டே அவர் அதைச் செய்தார் என்பது இங்கே முக்கியம். பாவனையாளரிடம் ஓடிக்கொண்டிருப்பதை முறிக்கும் மாற்றம், எவ்வளவு நியாயமானதாயினும், கேர்னலில் இடம்பெறக் கூடாது என்பது அங்கே நெடுங்காலமாகக் காக்கப்படும் விதி.

அந்த விதியை வன்னியில் இருக்கும் நம்மைவிட யார் நன்றாக உணர முடியும்? 2009இல் உறுதியும் அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் பதுங்கு குழிகளிலும் பாதையோரங்களிலும் விட்டுவந்தவர்கள் நாம். ஒரு காணித் துண்டுக்கு உரிமை காட்ட, எஞ்சிய ஒரேயொரு மங்கிய பிரதியைப் பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருக்கும் அம்மாக்களை நீங்களும் நானும் அறிவோம். அவர்களுடைய கடதாசியைத்தான் நீங்கள் ஸ்கேன் செய்கிறீர்கள். இருந்த கோப்பு இல்லாமற் போவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பேனும் தரும் பேட்ச்சை நான் பராமரிப்பாளராக இருந்தாலும் மறுத்திருப்பேன். பதிலை இன்னும் பொறுமையாக எழுதியிருக்கலாம் என்பதை மட்டும் உங்களுடன் சேர்ந்து சொல்வேன்.

நீங்கள் அறியாத இன்னொன்றும் உண்டு. நீங்கள் கேட்ட வசதி கேர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் பெயர்களை ஒப்பிடும் வசதி ஈஎக்ஸ்டி4இல் சேர்க்கப்பட்டது. ஒப்பிடுமுன் பெயர்களை யூனிகோட் முறைப்படி இயல்பாக்குவதால், அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதால், அது நமது இரண்டு ‘கொ’க்களையும் ஒன்றாகவே கொள்கிறது. ஆனால் அதைச் சேர்த்த விதத்தைக் கவனியுங்கள்: கோப்பு முறைமையில் முதலில் அது இயக்கப்பட வேண்டும், பின்னர் கோப்புறை கோப்புறையாகக் குறியிட வேண்டும், அதுவும் ஒன்றுமே இல்லாத கோப்புறைக்கு மட்டுமே குறியிடலாம். பழைய கோப்பு ஒன்றும் அசைவதில்லை. எழுதத் தொடங்குமுன் கேர்னலின் மூலநிரலில் ஒரு நாள் தேடியிருந்தால் இது உங்களுக்குக் கிடைத்திருக்கும். அந்த ஒரு நாள் உங்களுக்குப் பல வாரங்களை மிச்சப்படுத்தியிருக்கும்.

அப்படியானால் வழு எங்கே? தேடும் செயலியில் இருக்கிறது. நீங்கள் தட்டெழுதும் சொல்லையும் கோப்பின் பெயரையும் ஒரே வடிவுக்கு இயல்பாக்கிய பின்பே அது ஒப்பிட வேண்டும். க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலின் செயலிகள் பாவிக்கும் ஜிலிப் என்ற ஆயத்த நிரல் நூலகத்தில் இதற்கான செயற்கூறு ஆயத்தமாகவே உள்ளது. திருத்தம் ஒருவேளை சில வரிகளில் முடிந்துவிடும். வட்டில் எதையும் மாற்றாமல் பார்வையை மட்டும் மாற்றுவதால் யாருடைய கோப்பும் தொலையாது. இங்கே ஓர் எச்சரிக்கை: ‘வௌவால்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ‘வெளவால்’ என்று அடிப்பவர்கள் பலர். அது கண்ணை ஏமாற்றினாலும் யூனிகோட் அதைச் சமமாகக் கொள்ளாது. நீங்களும் கொள்ள வேண்டாம். கொண்டால் ‘வெளி’ என்ற சொல் உடைந்துவிடும்.

அந்தச் செயலியின் பராமரிப்பாளருக்கு வழு அறிக்கையை எழுதும்போது, யாரும் தங்கள் கணினியில் மீளச் செய்து பார்க்கக்கூடிய படிகளை எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பராமரிப்பாளருக்கு ‘கொக்குத்தொடுவாய்’ ஒரு படம் மாத்திரமே. இரண்டு பெயர்களின் பைட்டு வரிசைகளையும் எண்களாகக் காட்டினால் அவர் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வார். அக்கறையின்மை என்று நீங்கள் எண்ணியதிற் பெரும்பகுதி இந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம். பேட்ச்சில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். அதே கோப்பில் கண்ட இடைவெளிகளையும் எழுத்துப் பிழைகளையும் கூடவே திருத்தி அனுப்பாதீர்கள். அதனோடு ஒரு சோதனையையும் எழுதிச் சேருங்கள், இன்னொருவர் நாளை அதே வழுவை மீண்டும் கொண்டுவராதிருக்க. டேட்டாச் செலவை எண்ணித் தயங்க வேண்டாம்: நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் ‘கிட்’ கருவியில் முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

புதிய வசதியைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதுங்கள், ஆனால் இதை முடித்த பின்பு எழுதுங்கள். வசதியைச் சேர்ப்பவர், அது இருக்கும் காலமெல்லாம் அதன் வழுக்களுக்கும் பொறுப்பேற்கிறார். சேர்த்துவிட்டு விலகிப்போனவரின் நிரலை வேறொருவர் விளங்காமல் சுமப்பதை நான் பல திட்டங்களிற் கண்டிருக்கிறேன். ஒரு செயலியில் நான்கைந்து வழுக்களைத் திருத்தியவருக்கு அதன் உள்ளமைப்பு தெரிந்துவிடும். அதன் பராமரிப்பாளருக்கும் அவரைத் தெரிந்துவிடும். அப்போது அவர் கேட்கும் வசதியைப் பற்றிய உரையாடலே வேறு விதமாக அமையும்.

ஆங்கிலத்தில் எழுதுவது தடையானால் அறிக்கையைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து மொழிபெயர்ப்போம். அதுவரை, ஒரே பெயருடன் இருக்கும் அந்த இரண்டு கோப்புகளுக்கும் மறுபெயர் இட வேண்டாம். முழுக் கோப்புறையையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அந்த வட்டைச் சங்கக் கட்டடத்தில் வைக்காமல் வேறு ஒரு வீட்டில் வையுங்கள்.