செப்பலினுக்கு முன்னே பறந்தவர்

கேள்வி: வான்கப்பல் என்றதும் ஜெர்மனியின் செப்பலின் பிரபுவின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு முன்பே இன்ஜின் பொருத்திய வான்கப்பலில் எவரேனும் பறந்ததுண்டா? (வாசகி ஒருவர், மன்னார்குடி)

பதில்: உண்டு. செப்பலினின் முதல் கப்பல் 1900ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் ஏரியின் மேல் எழும்புவதற்கு 48 ஆண்டுகள் முன்பே, 1852 செப்டம்பர் 24 அன்று, ஆன்ரி ஜிஃபார் என்ற 27 வயதுப் பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸிலிருந்து தன்னந்தனியாகப் பறந்து, ஏறத்தாழ 27 கி.மீ. தொலைவில் எலான்கூர் என்ற ஊருக்கு அருகே பத்திரமாக இறங்கினார். இருமுனையும் கூம்பிய, 44 மீட்டர் நீளப் பலூன். அதனுள் எளிதில் தீப்பற்றும் வாயு. அதன் கீழே எரியும் அடுப்புடன் ஒரு நீராவி இன்ஜின்! அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்த நிதானம்தான் என்னை வியக்க வைக்கிறது. பலூனுக்கும் கொதிகலனுக்கும் இடையே பல மீட்டர் இடைவெளி விட்டார். அடுப்பின் வாயைக் கம்பி வலையால் மூடினார். மேல்நோக்கி இருக்க வேண்டிய புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தார்.

எனினும் கொதிகலனும் இன்ஜினும் சேர்ந்து சுமார் 150 கிலோ இருந்தும், கிடைத்தது 3 குதிரைத்திறன் மட்டுமே. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண ஸ்கூட்டருக்கு இதைப்போல் இருமடங்குக்கு மேல் திறன் உண்டு. ஆகவே விரும்பிய பக்கம் திரும்ப முடிந்ததே தவிர, அன்று வீசிய காற்றை எதிர்த்துப் புறப்பட்ட இடத்துக்கே மீள முடியவில்லை. அதைச் சாதித்தது 1884இல், மின்மோட்டாருடன் பறந்த ‘லா ஃபிரான்ஸ்’ என்ற வான்கப்பல். திரும்பி வரவில்லை என்பதற்காக ஜிஃபாரின் பயணத்தைத் தோல்வி என்பது நியாயமன்று. மனிதன் இன்ஜின் துணையோடு காற்றில் தன் திசையைத் தானே தேர்ந்தது அன்றுதான்.

கேள்வி: அவர் பிறகு என்ன ஆனார்? (அதே வாசகி)

பதில்: அவருக்குச் செல்வம் தந்தது வானம் அன்று, தண்டவாளம். அக்கால ரயில் இன்ஜின்களில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு பெரும்பாலும் சக்கரம் சுழன்றால்தான் வேலை செய்யும். நின்றிருக்கும் இன்ஜினில் தண்ணீர் குறைந்தால், அதற்காகவே அதை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டியிருந்தது. ஜிஃபார் 1858இல் காப்புரிமை பெற்ற ‘இன்ஜெக்டர்’ இதற்கு முடிவு கட்டியது. கொதிகலனின் நீராவியே ஒரு குறுகிய குழல்வாய் வழியே பெருவேகத்தில் பாய்ந்து, குளிர்ந்த நீரில் கலந்து தானும் நீராகி, அந்த வேகத்தை நீருக்குக் கொடுத்துவிடும். அகன்று செல்லும் அடுத்த குழாயில் வேகம் தணியத் தணிய அழுத்தம் ஏறி, நீர் கொதிகலனுக்குள் தானே புகும். சுழலும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இக்கருவியை உலகெங்கும் நீராவி இன்ஜின்கள் ஏற்றுக்கொண்டன.

அந்த வருவாயைக் கொண்டு அவர் மீண்டும் பலூன்களுக்கே திரும்பினார். 1878 பாரிஸ் பொருட்காட்சியின்போது, கயிற்றில் கட்டிய அவருடைய ராட்சத பலூன் ஒரே தடவையில் ஏறக்குறைய 40 பேரைச் சுமந்து 500 மீட்டர் உயரம் வரை ஏறியது. பின்னர் கண்பார்வை மங்கிய வேதனையில், 1882இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் செல்வத்தை அறிவியல் பணிகளுக்கும் ஏழைகளின் நலனுக்கும் செலவிடுமாறு பிரெஞ்சு நாட்டுக்கே எழுதி வைத்திருந்தார்.