ஆபீஸ் பேண்ட்டும் கல்யாணச் சேலையும்

வணக்கம் அக்கா,

குறைவாக வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் கைக்கு 2,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்குகிறேன். அறை வாடகை, மோட்டார் தவணை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போனால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தெலுக் இந்தானில் இருக்கும் அம்மா, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 29 வெள்ளிக்கு ஆபீஸ் பேண்ட் வாங்கித் தருகிறார். நாலு மாதத்தில் தொடைப் பக்கம் நூல் உருண்டுவிடுகிறது. கூட வேலை செய்யும் தோழி, பேரங்காடியில் 110 வெள்ளிக்கு ஒன்று எடு, இரண்டு வருஷம் வரும் என்கிறாள். டிசம்பரில் அண்ணன் கல்யாணம், என் சேலைக்கே 600 வெள்ளி எடுத்து வைத்திருக்கிறோம். நல்ல துணி என்பதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேச்சு இல்லையா? விலை கூடக் கொடுத்தால் தைத்தவருக்காவது நல்ல கூலி போகுமா?

வாசகி, செந்தூல்

அன்புள்ள தங்கைக்கு,

தோழி சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு முறை போட்டால், அம்மா வாங்கித் தரும் பேண்ட் நாலு மாதத்தில் ஏறக்குறைய 35 முறை வரும். ஒரு முறைக்கு 83 சென். 110 வெள்ளி பேண்ட் இரண்டு வருஷத்தில் 200 முறை வரும், ஒரு முறைக்கு 55 சென். தோழி சொன்னது சரி. ஆனால் ஒரு வருஷத்துக்கு மிச்சம் எவ்வளவு தெரியுமா? சுமார் 29 வெள்ளி, அம்மா வாங்கித் தரும் பேண்ட் ஒன்றின் விலை. நல்ல துணி வாங்கினால் பணம் கொட்டும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுவதில்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு வரி. போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள்: சேலைக்கு 600 வெள்ளி. கல்யாணத்துக்கு ஒரு முறை, அடுத்த தீபாவளிக்கு ஒரு முறை, யார் வீட்டு வளைகாப்புக்காவது இன்னொரு முறை. அதற்குள் எல்லாப் படத்திலும் அந்தச் சேலை வந்துவிட்டது என்று அலமாரிக்குள் போய்விடும். ஒரு முறைக்கு 200 வெள்ளி! இங்கே நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. வருஷத்தில் மூன்று நாள் உடுத்துவதற்கு கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, முந்தானையை விரித்துப் பார்த்து, பேரம் பேசி எடுக்கிறோம். வாரம் ஐந்து நாள் எல்.ஆர்.டி. ரயிலில் நசுங்கி, வெயிலில் வியர்த்து, ஆபீஸ் குளிரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் துணியைப் பாசார் மாலாம் குவியலில் கைக்குக் கிடைத்ததாக எடுக்கிறோம். உங்களிடம் பணம் இல்லாமல் இல்லை தங்கை, அது போகும் இடம்தான் மாறியிருக்கிறது.

அந்த 600இல் இரண்டு பேண்ட் எடுங்கள், 220 வெள்ளி. மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் நீண்டு உழைக்கும். தவணையில் மட்டும் எடுக்காதீர்கள். கைபேசியில் மூன்று தவணை என்று காட்டும்போது எல்லாமே மலிவாகத்தான் தெரியும்.

110 வெள்ளி என்று அட்டை தொங்குவதால் துணி நல்லதாகிவிடாது. கடை வாடகையும் விளம்பரமும் அந்த விலைக்குள்தான் இருக்கின்றன. பேண்ட்டை உள்புறம் திருப்பிப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்கிறதா, ஓரத்தில் நூல் தொங்குகிறதா, இடுப்புக்குப் பின்னால் பிரித்துவிடத் துணி விட்டிருக்கிறார்களா? இருபுறமும் பிடித்து இழுத்தால் தையல் பல்லைக் காட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உங்கள் விரல் தெரியக் கூடாது. முக்கியமாக, உள்தொடையில் துணியைத் துணியோடு நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், அப்போதே மயிர் எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். பஞ்சுத் துணியிலும் நூல் உருளும், ஆனால் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை வலுவானது, உருண்டது உதிராமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பேண்ட்டில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். பாலியெஸ்டரே கூடாது என்று சொல்லவில்லை, ஆபீஸ் பேண்ட்டுக்குக் கலப்புத் துணி நல்லதுதான், மடிப்பு நிற்கும். உடம்போடு ஒட்டும் சட்டைக்குத்தான் வேண்டாம். எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொண்டு, துவைத்த பிறகும் வாடை போகாது.

அறையில் காயப்போட இடம் இருக்காது, இயந்திரத்தில் துவைத்து உலர்த்தும் டோபி கடைக்குத்தான் போவீர்கள். துவைப்பதை அங்கே துவையுங்கள், ஆனால் ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் இழை கலந்த பேண்ட்டை அந்தச் சூட்டு உலர்த்தியில் போடாதீர்கள். இழுவை போய்விடும், முட்டி தொங்கிவிடும். 110 வெள்ளி பேண்ட்டையும் 29 வெள்ளி பேண்ட் ஆக்கிவிடும் இடம் அது.

பழைய துணி விற்கும் பண்டல் கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? யாரோ போட்டது என்று அம்மா முகம் சுளிப்பார். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டையாக வரும் துணி அது, பலமுறை துவைத்தும் உருவம் கெடாமல் இருந்தால் சோதனையில் தேறிவிட்டது என்று அர்த்தம். சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், வெளுக்க வேண்டியது வெளுத்திருக்கும். புதுத் துணியில் இந்த உத்தரவாதம் கிடையாது. பிளேசர் எடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. உள்ளாடையும் காலணியும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

தைத்தவர் கூலி பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, பதில்தான் நல்லதாக இல்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அங்கே தைத்த துணி மலிவு விலை பிரைமார்க்குக்கும் போனது, விலை கூடிய பெனட்டனுக்கும் போனது. தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தவருக்கு அந்த விலை வித்தியாசம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே 110 வெள்ளி கொடுத்தேன், என் பங்கு புண்ணியம் முடிந்தது என்று நினைக்க வழியில்லை. பக்கத்திலேயே தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் மீட்டர் கணக்கில் துணி எடுத்து தையற்காரரிடம் கொடுத்தால், யாருக்கு எவ்வளவு கூலி போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு பேண்ட்டுக்குத் துணியும் கூலியும் சேர்ந்து என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டுப் பேரங்காடிக்குப் போங்கள்.

சேலைக்கு வருகிறேன். கூடப்பிறந்த அண்ணன் கல்யாணத்தில் பழையது கட்டு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அம்மா என்னைத் தேடி வந்துவிடுவார். ஆனால் அத்தையோ சித்தியோ மடித்து வைத்திருக்கும் பட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள், அதை யார் எப்போது கட்டினார்கள் என்ற கதையையும் சேர்த்து. ரவிக்கை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள், பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் எந்தத் தையற்காரரும் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார். பண்டிகை கழிந்த அடுத்த வாரமே கொடுத்துவிடுங்கள்.